பந்தயப் பாதையில் ஒரு தாகசாந்தி

கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்து மொந்தே பெல்லெகிரீனோ மலையின் மூன்றாவது வளைவில் நிற்கிறேன். ஒரே ஒரு போத்தல். ஒரே ஒரு ஆளிடம் கொடுக்க வேண்டியது. சைக்கிள்காரர்கள் அந்த வளைவுக்கு வரப் பதினொன்றரை ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஏழு மணிக்கே போய் நின்றுவிட்டேன்.

வெயிலில் போத்தல் சூடாகிவிடும் என்று பைன் மர நிழலுக்குப் போனேன். நிழலில் நின்றால் வருகிறவருக்கு என்னைத் தெரியாது என்று வெயிலுக்கு வந்தேன். கை வியர்த்துப் போத்தல் வழுக்கும் என்று காற்சட்டையில் துடைத்தேன். துடைத்த கை வழுக்காமல் ஒட்டிக்கொண்டு, அவர் போத்தலை இழுக்கும்போது நானும் சேர்ந்து போய்விட்டால்? இப்படியே மூன்று மணித்தியாலம்.

பத்து மணியளவில் கீழே தெருவில் கடகடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று மலையேறி வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு நீலப் பீப்பா. பின்னால் சேலை கட்டிய பெண்கள், தலையில் துவாய் போட்ட ஆண்கள், ஒருவர் தோளில் ஒலிபெருக்கி. எல்லாருக்கும் முன்னால் ரோசலின் அக்கா.

நான் வரச்சொன்னது இரண்டு பேரை. எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர்.

"என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்? வந்து வண்டியைப் பிடியும்" என்றார் அக்கா.

அந்த நிமிடமே கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் வண்டியைப் பிடித்தேன்.

வெள்ளைச் சோறு

எங்கள் சைக்கிள் அணியை நடத்தும் நீனோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன கிழமை இதே பக்கத்தில், நான் வேலை செய்த வீட்டு அம்மாவின், சிஞ்ஞோராவின், பூனையைத் தொலைத்த கதையை எழுதியிருந்தேன். பூனை நாலாம் நாள் தானாகத் திரும்பி வந்தது. என் வேலைதான் வரவில்லை.

அப்போது கால்சாப் பகுதியில் ஒரு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் காகிதம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் எழுத்தே சில நேரம் என்னை முறைத்துப் பார்க்கும், இத்தாலியன் எழுத்தைக் கேட்கவே வேண்டாம். என் மகள் வாசித்துச் சொன்னாள்: "அப்பா, வெறும் வெள்ளைச் சோறு அவிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். காலமை அஞ்சரைக்கு."

"அது மட்டுமோ? வேறை ஒண்டும் எழுதேல்லையோ? வடிவாப் பார்."

"த்ராங்குவில்லோ அப்பா. சோறு மட்டும்தான்."

அமைதியாயிருங்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளை எனக்கு இத்தாலியனில் சொல்லுகிறது. எங்கள் வீட்டில் அது தினசரி மருந்து.

சைக்கிள் பந்தயக்காரர்கள் காலையில் மலைபோலச் சோறு தின்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கறி இல்லை, குழம்பு இல்லை. வெறும் சோறு. இந்த ஊர்ச் சமையற்காரர் யாரிடம் அரிசியைக் கொடுத்தாலும் அதற்குள் வெண்ணெயைப் போட்டுக் கிண்டிக் களியாக்கிவிடுகிறார்கள் என்று நீனோ தலையில் கை வைத்தார். நான் கஞ்சி வடித்து, பருக்கை பருக்கையாக ஒரு சட்டி சோறு வைத்தேன். ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே என்னை வேலைக்கு எடுத்தார்.

சோற்றில் தொடங்கியது போத்தல் கழுவுவது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, கார் கழுவுவது என்று வளர்ந்தது. வருட ஒப்பந்தம் ஒன்றும் எழுதினார். பெர்மெசோ என்று நாங்கள் சொல்லும் வதிவிட அனுமதிக்கு அந்த ஒப்பந்தத் தாள்தான் உயிர். தாள் இருந்தால் பெர்மெசோ. பெர்மெசோ இருந்தால் வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் வைத்தியர். தாள் இல்லையென்றால்? அந்த 'என்றால்' என்ற சொல்லோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

அணிக்குப் பணம் போட்டவர் மலசலகூடக் கொமட் விற்கிற முதலாளி. அதனால் எங்கள் எல்லாருடைய சட்டையிலும் நெஞ்சில் ஒரு வெள்ளைக் கொமட், முதுகில் மூடி திறந்த இன்னொரு கொமட். சீசா என்ற பகுதியில் பஸ் ஏறும்போது நான் நெஞ்சில் பையை அணைத்துக்கொண்டு நிற்பேன். முதுகுக்கு வழியில்லை.

பதினொரு வருடம்

நீனோ பதினொரு வருடம் தொழில்முறையாகச் சைக்கிள் ஓட்டியவர். ஒரு பந்தயம்கூட வென்றதில்லை. வெல்ல முயன்றதும் இல்லை. அவருடைய வேலை அதுவல்ல.

ஒரு அணியில் வெல்லப் பிறந்தவன் ஒருவன் இருப்பான். மற்றவர்கள் அவனுக்காக ஓடுகிறவர்கள். அவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைப்பார்கள். அவன் சில்லு பஞ்சரானால் தங்கள் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவோரம் நிற்பார்கள். தாகம் என்றால் பின்னால் அணிக் காருக்குப் போய்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்ப முன்னால் ஓடுவார்கள். நீனோ அதில் மன்னன். கழுத்து வரைக்கும் போத்தல் அடுக்கி, எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மலையேறுவாராம். தொலைக்காட்சியில் அப்படி ஒருமுறை இருபது விநாடி காட்டினார்கள். வர்ணனையாளர் வேறு ஒருவருடைய பெயரைச் சொன்னார். அந்தப் பதிவை அவர் எனக்கு எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறார். பெயர் பிழை என்று அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "வளைவில் ஒரு போத்தல்கூட விழவில்லை, பார்த்தீரா?" என்பார்.

இப்படிப்பட்டவரைப் பிடித்து அணிக்கு இயக்குநராக்கினால் என்ன நடக்கும்?

இயக்குநர், இத்தாலியனில் திரெத்தோரே, என்றால் காரில் பின்னால் வந்துகொண்டு, வானொலியில் கட்டளை போட வேண்டும். மற்றக் கார்களில் இயக்குநர்கள் கத்துகிற கத்தல் எங்கள் கண்ணாடிக்குள்ளால் கேட்கும். எங்கள் நீனோ, "மத்தேயோ, மன்னிக்க வேண்டும், தொந்தரவு இல்லையென்றால், உமக்கும் விருப்பமிருந்தால், கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று யோசித்துப் பாரும்" என்பார். மத்தேயோதான் எங்கள் அணியின் வெல்லவேண்டிய ஆள். வடக்கே பெர்காமோப் பக்கத்தவர், மூக்கு நுனியில் கோபம். "யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்!" என்று திருப்பிக் கத்துவார்.

கார் ஓட்டுவதும் அப்படித்தான். பின்னால் யாராவது ஹோன் அடித்தால் ஓரங்கட்டி, கையைக் காட்டி, "நீங்கள் முதலில்" என்பார். அதனால் எங்கள் கார் எப்போதும் கடைசி. ஒருமுறை எதிரணிக்காரர் ஒருவர் பஞ்சராகித் தெருவோரம் நிற்பதைக் கண்டு, இறங்கி ஓடிப் போய் எங்கள் சில்லை மாட்டிவிட்டுத் தள்ளியும் விட்டார். அந்த ஆள்தான் அன்று வென்றான். நான் பின் ஆசனத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் இப்படி. மேடையில் ஒருநாளும் எங்கள் கொமட் ஏறவில்லை. கடைசியில் முதலாளி சொன்னார்: பலெர்மோவில் நடக்கப்போகிற பந்தயம் நம் வீட்டு வாசலில் நடப்பது, அதில் மத்தேயோ வென்றால் அடுத்த வருடமும் அணி உண்டு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறேன்.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகத்தில், குவெஸ்தூராவில், புதுப்பிக்க எனக்குக் கொடுத்திருந்த நாள் அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழன். "வென்றால் திங்கட்கிழமையே உமக்கு ஒப்பந்தம்" என்றார் நீனோ.

"ஒராளுக்கோ?"

பந்தயம் கடைசியாக மொந்தே பெல்லெகிரீனோவில் ஏறி, மேலே சாந்தா ரோசாலியா என்ற புனிதையின் குகைக் கோயிலுக்குக் கிட்ட முடிகிறது. பலெர்மோத் தமிழருக்கு அந்த மலையைத் தெரியாதா? வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறுகிற மலை அது. நான் பிள்ளையார் கோயில் பக்கத்து ஆள், நானும் பெர்மெசோக் காலத்தில் தவறாமல் ஏறுவேன்.

மூன்றாவது வளைவில் நான் நின்று மத்தேயோவுக்கு ஒரு போத்தல் கொடுக்க வேண்டும். இதற்கு முன் மூன்று முறை கொடுத்து மூன்று முறையும் தவறவிட்டவன் நான். ஒன்று அவர் நெற்றியில் பட்டது. "ஏற்றத்தில் மெதுவாகத்தான் வருவார்கள், பயப்படாதீர்" என்றார் நீனோ. பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே பிடிக்கிறது.

புதன்கிழமை சீசா பஸ்ஸில் ரோசலின் அக்காவைக் கண்டேன். மன்னார்ப் பக்கம். பன்னிரண்டு வருடமாக ஒரே சிஞ்ஞோரா வீட்டில் வேலை, கோயில் சபையில் பெரிய ஆள். வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை மலையிலை எனக்குப் பக்கத்திலை ரெண்டு பேர் தண்ணியோடை நிண்டா நல்லம். நான் தவறவிட்டா அவை குடுப்பினம்."

"எத்தனை பேருக்குக் குடுக்க வேணும்?"

"ஒராளுக்கு."

"ஒராளுக்கோ? எத்தினை பேர் ஓடுகினம்?"

"நூறு பேர் மட்டிலை வரும்."

அக்கா என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். "நூறு பேர் வெய்யிலுக்கை மலை ஏறி வருவினம், நீர் ஒராளுக்குத் தண்ணி குடுத்திட்டு மற்றாக்களைப் பார்த்துக்கொண்டு நிப்பீர்? அதென்ன தம்பி பழக்கம்? உம்மைப் பெத்தவ இதைத்தான் பழக்கினவவோ?"

"அதில்லை அக்கா, இது பந்தயம்..."

"நீர் பேசாமல் இரும். நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்."

பஸ் நின்றது, அக்கா இறங்கிவிட்டார். 'பார்த்துக்கொள்ளுறம்' என்பதற்குள் என்னென்ன இருந்தன என்பது ஞாயிறு பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது வளைவு

இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே நீலப் படங்கு கட்டிப் பந்தல் போட்டார்கள். பந்தலுக்குள் பீப்பா. பீப்பாவுக்குள் ஊறுகாய்த் தண்ணீர். திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கம் தெருவோரம் தாகசாந்தி வைத்துக் கொடுப்பார்களே, அதே பதம்: உப்பில் ஊறிய தேசிக்காயைக் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டது. மிளகாய் தாராளம். சிசிலித் தேசிக்காயில் புளிப்புக் காணாது என்று அக்கா காரத்தைக் கூட்டியிருந்தார்.

தாகசாந்தியில் ஒரு சட்டம் உண்டு. பந்தலைத் தாண்டி ஒருவரும் குடிக்காமல் போகக்கூடாது. வேண்டாம் என்கிறவரைக் கையைப் பிடித்து நிறுத்தியாவது குடிக்க வைக்க வேண்டும். அன்று பதினான்கு பேரும் அந்தச் சட்டத்தை இம்மியும் பிசகாமல் நடத்தினார்கள்.

"தாகசாந்தி... தாகசாந்தி... எல்லாரும் குடிச்சிட்டுப் போங்கோ" என்று ஒலிபெருக்கி தமிழில் அழைத்தது. பிறகு இத்தாலியனில், "பேவேத்தே, பேவேத்தே!"

அன்று ஆபிரிக்காவிலிருந்து சிரொக்கோ காற்று. முகத்துக்கு முன்னால் அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி. முதல் கூட்டமாக இருபது பேர் வளைவில் திரும்பினார்கள், நாக்கு வெளியே. எதிரே தெருவை அடைத்துச் சேலைகளும் தட்டங்களும் பிளாஸ்டிக் கோப்பைகளும். அதிகாரபூர்வமான ஏற்பாடு என்றே நினைத்திருப்பார்கள். கை நீட்டினார்கள்.

முதலாவது ஆள் ஒரே மடக்கில் விழுங்கினார். இரண்டு மிதி மிதித்தார். பிறகு சைக்கிளை விட்டு இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். அவருடைய சில்லில் அடுத்தவர் வந்து முட்டினார். மூன்றாமவர் குடித்துவிட்டுக் கண்ணீர் வடிய, "இது என்ன, இது என்ன?" என்று கேட்டார். நாலாமவர் ஒரு நெட்டையான ஹொலண்டுக்காரர், காலை ஊன்றி நின்று கோப்பையை நீட்டி, "இன்னொன்று" என்றார்.

"வடிவாக் குடிக்கட்டும், பிள்ளைக்கு வெங்காயத்தையும் போட்டுக் குடுங்கோ" என்றார் அக்கா.

நான் சேலைகளுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டேன். இடித்துக்கொண்டு முன்னால் வரப் பார்த்தால், "தம்பி, வரிசை, வரிசை" என்று ஒரு மாமி தள்ளிவிட்டார். அந்த நேரம் பார்த்து மத்தேயோ வந்தார். கொமட்டைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. மத்தேயோ தட்டத்துக்குக் கை நீட்டினார். அக்கா தட்டத்தைப் பின்னால் இழுத்தார்.

"நீங்கள் எங்கடை ஆள் எல்லே ராசா. கொஞ்சம் பொறுங்கோ. வந்த சனம் முதல் குடிக்கட்டும்."

அது பிழையா? பந்தியில் நம் வீட்டு ஆட்கள் கடைசியில்தானே இருப்பார்கள். விருந்தாளிக்கு முன்னால் நம் ஆளுக்குப் பரிமாறினால் ஊர் சிரிக்காதா? இதையெல்லாம் பெர்காமோக்காரருக்கு யார் விளங்கப்படுத்துவது? அவர் கண்டது, உலகத்துக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற பெண் தனக்கு மட்டும் இல்லை என்று தட்டத்தை இழுத்ததைத்தான். நான் போத்தலை உயர்த்திக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, நான் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, எழும்பி நின்று மிதிக்கத் தொடங்கினார். ஐம்பது மீற்றர் அவருக்குப் பின்னால் ஓடினேன். பிடிக்க முடியவில்லை.

நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வளைவில் பந்தயம் முழுவதும் நின்று இருமிக்கொண்டிருந்தது. தனியாக மலையேறிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கொமட்.

அப்போது நீனோவின் கார் வந்தது. கடைசிக் கார்தான், ஆனால் மற்றவர்கள் வழியில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்ததால் ஓரத்தால் புகுந்து வந்துவிட்டார். கண்ணாடிக்குள்ளால் ஒரு கோப்பை நீட்டப்பட்டது. குடித்தார். இருமினார். "நல்லாயிருக்கிறது" என்றார். பிறகு அவர் செய்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். காரை நிறுத்தி இறங்கினார். பெண்கள் தனியாகச் சுமக்கிறார்களே என்று ஒரு தட்டத்தைக் கையில் வாங்கினார். எதிரணிக்காரர்களுக்கு ஒவ்வொன்றாகப் பரிமாறத் தொடங்கினார்.

"திரெத்தோரே! மத்தேயோ முன்னாலே! போங்கோ, காரை எடுங்கோ!" என்று கத்தினேன்.

"இதோ, இந்த நாலு பேருக்கும் கொடுத்துவிட்டு" என்றார்.

நடுவரின் மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பியதும் அந்த நேரம்தான்.

மேசை

மத்தேயோ ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து வென்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது கொமட் முதலாளி அழுதுகொண்டு எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். என்னையும் கட்டிப்பிடித்தார். திங்கட்கிழமை, ஒப்பந்தம், வியாழக்கிழமை என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு நடுவர் கூப்பிட்டார். மடக்கு மேசை, வெள்ளைச் சட்டை, கையில் பேனை. எதிரணிகள் எல்லாம் முறையிட்டிருந்தன. ஆனால் நடுவர் நல்ல மனிதர், பசியோடும் இருந்தார்.

"விஷயம் சின்னது" என்றார். "அங்கே நின்றவர்கள் கோயிலுக்கு வந்த யாரோ என்றால் யார் மேலும் பிழையில்லை, வெற்றி வெற்றிதான். உங்கள் அணியின் ஆட்கள் என்றால், நீங்கள் பாதையை மறித்ததாக ஆகும், வெற்றி இல்லை. கோயிலுக்கு வந்தவர்கள் என்று சொல்லுங்கள், எழுதிவிட்டுச் சாப்பிடப் போவோம்." என் பக்கம் திரும்பினார். "உமக்கு அவர்களைத் தெரியுமா?"

மேசை, வெள்ளைச் சட்டை, பேனை மூன்றும் ஒன்றாகச் சேர்வது எனக்குப் புதிதல்ல. வன்னியிலிருந்து வருகிற வழியில் அப்படி எத்தனையோ மேசைகளைக் கண்டவன் நான். எல்லா மேசையிலும் ஒரே கேள்விதான். இவரைத் தெரியுமா, அவரைத் தெரியுமா. தெரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் பலெர்மோ வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறேன்.

"தெரியாது" என்றேன். "ஒருவரையும் தெரியாது."

பக்கத்தில் ஒரு கோப்பை வைக்கப்படும் சத்தம் கேட்டது. ரோசலின் அக்கா. நான் விடியற்காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று, மிஞ்சியதை எனக்குக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு வருடம் சிஞ்ஞோராவோடு கதைத்த அக்காவுக்கு என் இத்தாலியன் விளங்காமலா போகும்? கோப்பையை என் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நடுவர் எழுதத் தொடங்கினார்.

"என்னுடைய ஆட்கள்" என்றார் நீனோ.

பேனை நின்றது. "யோசித்துச் சொல்லுங்கள்."

"என்னுடைய ஆட்கள்தான்."

"பதினான்கு பேருமா?"

"பதினைந்து. இவரும்" என்று என்னைக் காட்டினார்.

பதினொரு வருடமும் இரண்டு வருடமும் சேர்த்து, மன்னிக்க வேண்டும் என்று தொடங்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வெற்றி இரண்டாவதாக வந்தவருக்குப் போனது, அந்த ஹொலண்டுக்காரருக்கு. மத்தேயோ தன் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். முதலாளி அங்கேயே, கண்ணீர் காயுமுன் அணியை மூடினார்.

இறங்கி வரும்போது காரில் கேட்டேன், "ஏன் திரெத்தோரே? ஒரு சொல்லுத்தானே."

பின்னால் ஹோன் அடித்த ஒருவருக்கு ஓரங்கட்டி வழிவிட்டார். பிறகு சொன்னார். ஒருமுறை மலையில் களைத்துப்போன தன் தலைவனை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். நடுவர்கள் பிடித்துவிட்டார்கள். தலைவன், "இவன் யாரென்றே எனக்குத் தெரியாது, தெருவில் நின்ற ரசிகன் என்று நினைத்தேன்" என்றானாம்.

"எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சட்டை" என்றார் நீனோ.

தெரியாத ஆளுக்குச் சோறு

திங்களும் செவ்வாயும் நான் பாயை விட்டு எழும்பவில்லை. புதன்கிழமை மனைவி, "போய் அந்த மனிசியிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. பெர்மெசோ இல்லாமல் இருக்கலாம், ரோசலின் அக்கா இல்லாமல் இஞ்சை இருக்கேலாது" என்று துரத்தினாள்.

வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்து, "ஆர் வேணும்?" என்றார்.

"அக்கா, நான்தான்."

"நானெண்டா ஆர்? எனக்கு உம்மைத் தெரியாதே."

"அக்கா, அண்டைக்குப் பயத்திலை..."

"இஞ்சருங்கோ," என்று உள்ளே கணவரைப் பார்த்துச் சொன்னார், "முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து நிக்குது. பசிச்ச முகமாக் கிடக்கு. ஒரு சோத்துக் கோப்பை எடுத்து வையுங்கோ." என்னிடம் திரும்பினார். "நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்குத்தான் எங்கடை வீட்டிலை முதல் சோறு. வந்து இரும்."

சாப்பிட்டு முடியும் வரைக்கும் அக்கா என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை மீன் குழம்பு விட்டபோதுதான், "கள்ளப் பயல்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

வீடு திரும்பினால் வாசலில் நீனோ, கையில் ஒரு தாள். அணி இல்லை, முதலாளி இல்லை, ஆனால் ஒரு மனிதர் தன் சொந்த வீட்டுக்கு ஒரு வேலைக்காரரை வைத்துக்கொள்ளலாமே என்று விசாரித்துப் பதிந்துகொண்டு வந்திருந்தார். நீனோ சீசாவில் தனியாக இருக்கிறவர். இரண்டு அறை, ஒரு குசினி. வேலை: கூட்டுதல், துடைத்தல்.

வியாழக்கிழமை குவெஸ்தூராவில் அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்து, முத்திரை குத்தினார். சைக்கிள் அணியின் ஊழியனாக உள்ளே போன நான் வீட்டு வேலைக்காரனாக வெளியே வந்தேன்.

துடைப்பம்

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் நான் பொய்த் தாளில் இருக்கப் பயப்படுகிறவன். எழுதியபடி வேலை செய்தே தீருவேன் என்று அடுத்த நாளே எட்டு மணிக்குப் போனேன். வீடு கண்ணாடி மாதிரி. ஜன்னல்கூடத் துடைத்திருந்தது.

"வேலைக்கு ஆள் வருகிறாரே, வீடு அலங்கோலமாகக் கிடந்தால் என்ன நினைப்பார் என்று..." என்று இழுத்தார் நீனோ.

அடுத்த முறை ஏழு மணிக்குப் போனேன். அவர் ஆறுக்கே துடைத்து முடித்துவிட்டார். ஆறுக்குப் போனேன். ஐந்துக்கு எழும்பியிருந்தார். கோப்பி வேறு போட்டுத் தந்தார். தொழில் பரிசோதகர் ஒருவர் வந்து, முதலாளி குனிந்து துடைக்க வேலைக்காரன் கதிரையில் இருந்து கோப்பி குடிப்பதைக் கண்டால் என் கதி என்ன? அந்த நினைப்பில் கோப்பியை நின்றபடியேதான் குடிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அவர் குசினி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு மணி அடித்தது. பரிசோதகர்தான் என்று நெஞ்சு சொல்லிவிட்டது. பாய்ந்து போய்த் துடைப்பத் தடியைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"விடுங்கோ திரெத்தோரே, என்ரை பெர்மெசோ!"

"ஈரம், ஈரம், மிதிக்காதீர், வழுக்கும்!"

நான் இழுக்க அவர் இழுக்க, வாளி கவிழ்ந்து தண்ணீர் நடைக்கு ஓடியது. கதவு பூட்டியிருக்கவில்லை. மேல்மாடிச் சிஞ்ஞோரா தலையை நீட்டினார். ஒரே தடியின் இரண்டு முனையிலும் மூச்சு வாங்க நிற்கிற எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் கிழமைக்கு ஒருநாள் ஆள் தேவை" என்றார். "உங்களில் யார் வேலைக்காரர்?"

"நான்" என்றோம், இரண்டு பேரும்.